இரண்டு கிலோ அரப்பு

கடைக்காரர் அரப்புப் பொடிக்குக் காசு வாங்க மறுத்தார்.

"இருக்கட்டும்ணே," என்றார். "அப்புறம் பாத்துக்கலாம்."

ஜெயபாண்டி ரூபாய் நோட்டை நீட்டியபடி நின்றான். உசிலம்பட்டி பஜாரில் சின்னானின் நாட்டுமருந்துக் கடைக்கு அவன் வருடக் கணக்காக வந்துபோகிறவன். தராசுத் தட்டில் ஒட்டிய தூளைக்கூடச் சுண்டி எடுத்துக்கொள்கிற மனிதர் சின்னான்.

"ரெண்டு கிலோ," என்று சின்னான் பொட்டலத்தைக் கட்டியபடி தனக்குள் சொல்லிக்கொண்டார். "பெரிய குடும்பம்ல. வேற என்னண்ணே வேணும்?"

"கால் லிட்டர் நல்லெண்ணெய்."

சின்னான் தலையாட்டினார். அதைத்தான் எதிர்பார்த்தேன் என்பதுபோல இருந்தது.

"புதுப்பானை ஒண்ணு வாங்கணும். எங்க கிடைக்கும்?"

"கோயிலுக்குப் பின்னாடி வேளார் வீடு. நான் சொன்னேன்னு சொல்லுங்க, ஓட்டை இல்லாததாப் பாத்துக் குடுப்பாரு." சின்னான் எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "தைரியமா இருங்கண்ணே."

ஜெயபாண்டிக்கு இது விசித்திரமாகப் படவில்லை. அவன் முகவாகு அப்படி. எப்போது பார்த்தாலும் சுடுகாட்டிலிருந்து திரும்பி வருகிறவன் மாதிரி இருப்பான். பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்கள் எழுந்து இடம் கொடுப்பார்கள். கல்யாண வீடுகளில் மாப்பிள்ளை வீட்டார் அவனைத் தனியே அழைத்துப்போய் என்ன குறை என்று கேட்பார்கள். யாராவது அவனிடம் தைரியமாக இருக்கச் சொல்லாத நாள் குறைவு.

அன்றைக்கு அந்த முகத்துக்குக் காரணமும் இருந்தது. எழுமலைக்குப் பக்கத்தில் அவனுக்கு ஒன்றரை ஏக்கர் முருங்கை. மரம் கொள்ளாமல் பூக்கும். விடிந்து பார்த்தால் பூவெல்லாம் மண்ணில் கிடக்கும். ஒன்றுகூடப் பிஞ்சாகவில்லை.

"அரப்பு மோர் அடி. பூ நிக்கும்," என்று அப்பா விருமாண்டி முந்தின நாள் கட்டிலில் படுத்தபடியே சொன்னார்.

உசிலை மரத்து இலையைக் காயவைத்து இடித்தால் அரப்பு. ஊரில் தலைக்குத் தேய்ப்பார்கள். அதையே புளித்த மோரிலும் இளநீரிலும் கரைத்து, மண்பானையில் ஒரு வாரம் ஊறவைத்துச் செடிக்கு அடிப்பதும் உண்டு.

"இலையைப் பறிச்சுக் காயப்போட நேரமில்ல. சின்னான் கடையில பொடியா வாங்கு," என்றார் அப்பா. "பானை புதுசா இருக்கணும். எனக்கு முட்டிக்கு நல்லெண்ணெய்."

வாசற்படியில் விழுந்து இடுப்பு பிசகிய நாளிலிருந்து அவருக்குக் கட்டில்தான். கையில் போன். தலைமாட்டில் டிவி. ஏவுவதற்கு மகன்.

மருமகள் இருந்தால் ஏவ மாட்டார். அவர் கேட்பதற்கு முன்னால் செய்துவிடுவாள். தமிழ்ச்செல்வி போய் நாலு மாதம் ஆகிறது.

அவள் போனதும் பொடியால்தான். முருங்கை இலையை நிழலில் உலர்த்தி அரைத்துப் பொடி செய்ய ஆரம்பித்தாள். அது இட்லி மாவில் விழுந்தது, அடையில் விழுந்தது, ரசத்தில் விழுந்தது. அப்புறம் கறிவேப்பிலைப் பொடி, நெல்லிக்காய்ப் பொடி, நாவல்கொட்டைப் பொடி. டப்பாக்களில் போட்டு விற்க வேண்டும் என்பது அவள் ஆசை. கப்பலூரில் ஒரு கம்பெனிக்காரர்கூட மாதிரி கேட்டிருந்தார். ஒரு காதுகுத்து விருந்தில், சொந்தக்காரர்கள் சூழ உட்கார்ந்திருந்தபோது, ஜெயபாண்டி ஒரு வார்த்தை சொன்னான்.

"எங்க வீட்டுல சோறு கிடையாது. தழைதான். ஆடு வளக்க இடமில்லன்னு என்னை வளக்குறா."

பந்தியே சிரித்தது. அவன் பேச்சுக்கு யாரும் சிரித்து அவன் பார்த்ததில்லை. இன்னொரு தடவை சொன்னான்.

மறுநாள் அவள் கோரிப்பாளையத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அவன் வந்து கூப்பிட்டால்தான் அனுப்புவேன் என்றான் அண்ணன் அழகுபாண்டி. போனவள்தான் வரவேண்டும் என்றான் ஜெயபாண்டி. அவள் விட்டுப்போன முருங்கைப் பொடியை, அப்பா தூங்கிய பிறகு, கஞ்சியில் போட்டுக் குடித்தான். போன வாரம் டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினான். ஒன்றும் விழவில்லை.

பானையை மடிக்கு முன்னால் வைத்துக்கொண்டு மெதுவாக வண்டியை ஓட்டினான். பின்னால் அரப்பு மூட்டை. ஹாண்டிலில் இரண்டு இளநீர். டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். எதிரே வந்த டவுன் பஸ் ஹாரன் அடிக்காமல் ஒதுங்கி நின்று வழிவிட்டது.

எழுமலை விலக்கில் வீரணன் கையைக் காட்டி நிறுத்தினார். பந்தல், சேர், பாத்திரம் வாடகைக்கு விடுகிறவர். ஜெயபாண்டிக்கு மாமா முறை.

"மாப்ள, இப்பத்தான் கேள்விப்பட்டேன். சின்னான் சொன்னாப்ல."

"என்ன மாமா செய்ய? போன வருசம்கூட நல்லாத்தான் இருந்துச்சு."

"நமக்குன்னு உள்ளதுதான கிடைக்கும். எப்ப வச்சிருக்கீக?"

"இன்னைக்குப் பொழுது சாய வச்சிரணும். வச்சா ஒரு வாரம் இருக்கணும்."

வீரணனின் வாய் திறந்தபடி நின்றது. "ஒரு வாரமா? வெளிநாட்டுல இருந்து யாரும் வரணுமா?"

"யாரு வரப்போறா. அது பாட்டுக்கு நிழல்ல கிடக்கும். நல்லாப் புளிச்சு நாத்தம் எடுக்கணும்ல மாமா. அப்பத்தான் பலன்."

வீரணன் அவனுடைய இரண்டு தோள்களையும் பிடித்துக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"மாப்ள, நீ எதையும் யோசிக்காத. வீட்டுக்குப் போ. என்கிட்ட ஐஸ் பெட்டி இருக்கு."

"ஐஸ்ல வச்சாப் புளிக்காதே மாமா."

"புளிக்க வேணாம்யா," என்றார் வீரணன். "போ. பாத்து ஓட்டு."

தெருமுனையில் ஃப்ளெக்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். கண்ணீர் அஞ்சலி. படத்தில் அவன் அப்பா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றார். அப்படி ஒரு போட்டோ இருப்பதே ஜெயபாண்டிக்குத் தெரியாது. வண்டியை நிறுத்தி அதைப் பார்த்தான். பானையைப் பார்த்தான். அரப்பு மூட்டையைத் திரும்பிப் பார்த்தான். நல்லெண்ணெய் பாட்டில் சட்டைப் பையில் இருந்தது.

இறந்தவர் தலையில் வைக்க எண்ணெய், அரப்பு. கொள்ளி வைக்கிறவன் தோளில் ஒரு புதுப்பானை. தானே தன் வாயால் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கியிருக்கிறான்.

வீட்டு வாசலில் கூட்டம். நாய் நுழையாமல் இருக்க அவன் வெளியே பூட்டிவிட்டுப் போயிருந்தான். பூட்டிய கதவுக்கு முன்னால் பக்கத்து வீட்டு ராக்கம்மாள் தலையை விரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே டிவி சத்தம் இல்லை. அவளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

"அக்கா, அப்பா நல்லா இருக்காரு," என்றான்.

"அப்படித்தான்யா இருக்கும். தூங்குற மாதிரிதான் இருக்கும்."

"இது மரத்துக்குக்கா. முருங்கைக்கு வாங்குன அரப்பு."

ராக்கம்மாள் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். "மரத்துக்கு அரப்பு வைக்கணுங்குறான். புள்ளைக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு. யாராச்சும் ஒரு சோடா வாங்கியாங்கப்பா."

சோடா வந்தது. அவன் அதைக் கையில் வைத்துக்கொண்டே, அப்பா உயிரோடு இருக்கிறார் என்று மறுபடி சொன்னான். பெண்கள் ஓவென்று அழுதார்கள். சொல்லச் சொல்ல அழுகை கூடியது. அவன் முகத்தை வைத்துக்கொண்டு அவன் சொல்வதை யாரும் நம்பத் தயாராக இல்லை.

சரி, திறந்து காட்டிவிடுவோம் என்று சாவியைப் பூட்டில் போட்டான்.

"தமிழுக்கு நான்தான் போன் போட்டேன்," என்றாள் ராக்கம்மாள். "அழுதுக்கிட்டே அண்ணனோட கார்ல ஏறிட்டாளாம். இந்நேரம் செக்கானூரணி தாண்டிருப்பா."

சாவி நின்றது.

"வாராளா?"

"மாமனார் சாவுக்கு வராம இருப்பாளா? இதுக்கு யாரும் போய் அழைக்கணுமா என்ன?"

ஜெயபாண்டி கொஞ்ச நேரம் பூட்டையே பார்த்தான். சோடாவை ராக்கம்மாளிடம் கொடுத்தான்.

"நீங்க இருங்கக்கா. முதல்ல நான் மட்டும் போயி அப்பாவைப் பாத்துட்டு வாரேன்."

உள்ளே போய்க் கதவைத் தாழிட்டான். விருமாண்டி சலவை வேட்டி கட்டி, முகம் மழித்து, சுவரில் சாய்ந்திருந்தார்.

"என்னடா வெளிய சத்தம்?"

"நீங்க செத்துட்டீகன்னு பேச்சு."

"எப்ப?"

"காலையில."

"போயி இல்லைன்னு சொல்லு."

"சொன்னேன். நம்ப மாட்டேங்குறாக." ஜெயபாண்டி தரையைப் பார்த்தான். "தமிழு வாராளாம்."

அப்பா வேட்டி மடிப்பைச் சரிசெய்துகொண்டார்.

"அவ அண்ணனும் கூட வாரானாம். நீங்க இருக்கீகன்னு தெரிஞ்சா உசிலம்பட்டியிலேயே வண்டியைத் திருப்பிருவான்."

"அதுக்கு?"

"கொஞ்ச நேரம் படுத்திருங்கப்பா. அவ வாசப்படி ஏறுற வரைக்கும்."

"ஏண்டா, கட்டுன பொண்டாட்டிக்கு ஒரு போன் போட்டு வாடின்னு சொல்ல உனக்கு வாயில்ல. அதுக்குப் பெத்த அப்பன் சாகணுமா?"

ஜெயபாண்டிக்கே அது வெட்கமாக இருந்தது. ஆனாலும் நகராமல் நின்றான்.

விருமாண்டி ஒரு பெருமூச்சு விட்டார். "கட்டிலைத் திருப்பிப் போடு. தெக்க தலை வச்சுத்தான் படுக்கணும். அதுகூடத் தெரியல உனக்கு."

நாடியைத் துணியால் சுற்றித் தலைமேல் கட்டினான். கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டினான். நெற்றியில் ஒரு ரூபாய் ஒட்டினான். "இறுக்காதடா," என்றார் அப்பா. அதோடு வாய் மூடிக்கொண்டது. தலைமாட்டில் விளக்கை ஏற்றிவிட்டுக் கதவைத் திறந்தான்.

கூட்டம் உள்ளே பாய்ந்தது. ராக்கம்மாள் இறந்தவரின் பெருமைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி அழுதாள். பத்து ஊருக்குப் பஞ்சாயத்து சொன்னவர் என்றாள், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர் என்றாள். விருமாண்டியின் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. சாகும்போது நிம்மதியாகப் போயிருக்கிறார் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

மூச்சுக்கு நெஞ்சு ஏறி இறங்கியது. ஜெயபாண்டி வருகிற மாலையை எல்லாம் வாங்கி நெஞ்சின்மேல் அடுக்கினான். சின்னான் ஒரு ரோஜாமாலையோடு வந்தார். கூடவே இன்னொரு கிலோ அரப்பு.

வீரணன் ஐஸ் பெட்டியை இறக்கினார். "தூக்குங்கப்பா. உள்ள வைப்போம்."

ஜெயபாண்டி பின்கட்டுக்கு ஓடி ஃபியூஸைப் பிடுங்கினான். ஃபேன் நின்றது.

"கரண்டு இல்ல மாமா."

"ஜெனரேட்டர் கொண்டாந்திருக்கேன் மாப்ள. நீ எதையும் யோசிக்காதன்னு சொன்னேன்ல."

ஜெனரேட்டர் உறுமத் தொடங்கியது. ஒரு வயர் ஐஸ் பெட்டிக்குப் போனது. ஃபேனுக்கு வயர் இல்லை. அறைக்குள் முப்பது பேர், ஒரு விளக்கு, பதினோரு மாலை. விருமாண்டியின் நெற்றியில் முத்து முத்தாகப் பூத்தது.

"என்னடி இது, பொணத்துக்கு வேர்க்குது?" என்றாள் ஒருத்தி.

"நீர் விடுது," என்றார் வீரணன் அனுபவத்தோடு. "இனித் தாங்காது மாப்ள. பெட்டியில வச்சே ஆகணும்."

நாலு பேர் கட்டிலின் காலைப் பிடித்தார்கள். ஜெயபாண்டி அப்பாவின்மேல் விழுந்தான்.

"தமிழு வரட்டும்," என்று கத்தினான். "அவ வந்து தொட்டு அழணும். அதுக்கப்புறம் எங்க வேணா வைங்க. தமிழு வரணும்!"

அதை அவன் நடிப்பாகத்தான் ஆரம்பித்தான். பாதியில் குரல் உடைந்துவிட்டது. நாலு மாதமாகச் சொல்லாத பேரை ஊர் முன்னால் இரண்டு தடவை சொல்லியாயிற்று. கட்டிலைப் பிடித்தவர்கள் விட்டுவிட்டார்கள். சின்னான் மூக்கைச் சிந்தினார்.

வாசலில் கார் வந்து நின்றது.

தமிழ்ச்செல்வி நேராக உள்ளே வந்தாள். மெலிந்திருந்தாள். அவனைப் பார்க்கவில்லை. மாமனார் தலைமாட்டில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவளுடைய நகக்கண்களில் பச்சை ஏறியிருந்தது. அங்கேயும் இலை உருவிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

பின்னால் கோடி வேட்டியோடு அழகுபாண்டி வந்தான். ஜெயபாண்டியின் கையைத் தொட்டான். துக்க வீட்டில் அதைச் செய்யாமல் இருக்க முடியாது. தொட்டதும் எடுத்துக்கொண்டான்.

அவள் படியேறிவிட்டாள். இப்போது சொல்லிவிட வேண்டும். ஜெயபாண்டி வாயைத் திறந்தான். அவள் பக்கத்தில் இருந்தாள். இன்னும் ஒரு நிமிடம் இருக்கட்டும் என்று நினைத்தான். மூடிக்கொண்டான்.

அந்த ஒரு நிமிடத்தில் ராக்கம்மாள் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவிட்டாள்.

"மருமக வந்தாச்சு. இனி என்ன? எண்ணெய் வைங்கடி."

முதலில் எண்ணெய். அதன்மேல் அரப்பு. ஆளுக்கு ஒரு சிட்டிகை வைத்தால் போதும். ஆனால் மூன்று கிலோ இருந்தது. கைநிறைய அள்ளினார்கள். பச்சைத் தூள் அறை முழுக்கப் பறந்தது. எல்லோரும் தும்மினார்கள். விருமாண்டி மட்டும் தும்மவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தார். வேர்வையில் அரப்பு கரைந்து, நெற்றியில் இறங்கி, புருவத்தில் கொஞ்சம் தயங்கி, கண்ணுக்குள் போனது.

அரப்பு கண்ணுக்குள் போனால் செத்தவனும் எழுந்திருப்பான். விருமாண்டி உயிரோடு வேறு இருந்தார்.

"கண்ணு! கண்ணு!" நாடித்துணி தெறித்தது. "தண்ணி ஊத்துங்கடி, கண்ணு போகுது!"

பதினோரு மாலைகளோடு எழுந்து உட்கார்ந்தார். ராக்கம்மாள் மயங்கிச் சரிந்தாள். சின்னான் ஜன்னல் வழியாகப் போக முயன்று மாட்டிக்கொண்டார். வீரணன் ஐஸ் பெட்டிக்குள் கால் வைத்துவிட்டார். தமிழ்ச்செல்வி மட்டும் அசையவில்லை. பக்கத்தில் இருந்த செம்பை எடுத்து, மாமனார் தலையைச் சாய்த்து, கண்ணில் நிதானமாகத் தண்ணீர் ஊற்றினாள்.

அழகுபாண்டி ஜெயபாண்டியின் சட்டையைப் பிடித்தான். "எங்களை என்னன்னு நெனச்சடா? பொம்பளைப் புள்ளைய ஏமாத்தி வரவைக்க அப்பனைப் பாடையில ஏத்துவியா?"

"நான்தான் படுக்கச் சொன்னேன்," என்றான் ஜெயபாண்டி. "கூப்பிட வாய் வரல."

"காதுகுத்துல மட்டும் வந்துச்சோ?"

அந்தப் பந்தியில் சிரித்தவர்கள் பாதிப்பேர் இங்கே இருந்தார்கள்.

"அன்னைக்கு நான் சொன்னது தப்பு," என்றான் ஜெயபாண்டி. எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். "அவ பொடி இல்லாம எனக்குச் சோறு இறங்கல."

யாரும் சிரிக்கவில்லை. இந்தத் தடவை அவன் முகம் அவனுக்கு உதவியாக இருந்தது.

அழகுபாண்டிக்கு அது போதவில்லை. "ஏறு தமிழு வண்டியில," என்றான். "செத்த வீடுன்னு வந்தோம். யாரும் சாகல. கிளம்பு."

தமிழ்ச்செல்வி செம்பைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். எழுந்து அண்ணனுக்குப் பின்னால் நடந்தாள். ஜெயபாண்டி தடுக்கவில்லை. எந்த உரிமையில் தடுப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. வாசல்வரை போய், நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

காரில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார் டிரைவர். கோரிப்பாளையம் ஸ்டாண்டில் வண்டி போட்டிருக்கும் சிக்கந்தர் பாய்.

"வண்டியைத் திருப்புங்க பாய்," என்றான் அழகுபாண்டி.

தமிழ்ச்செல்வி பாயைப் பார்த்து அவசரமாகக் கண்ணைக் காட்டினாள். பாய்க்கு அது புரியவில்லை.

"எங்கண்ணே திருப்புறது?" என்றார் அவர். "நேத்து சாயந்தரமே பெரியவர் போன்ல, 'நாளைக்குக் காலையில நான் செத்துருவேன் பாய், எம்மருமக மூட்டை முடிச்சோட ரெடியா நிப்பா, கொண்டாந்து இறக்கிவிட்டுருங்க, ஒன்வேதான், திரும்ப ஆள் கிடையாது'ன்னுல்ல சொன்னாக!"